எதிரி ராஜாவின் மூளை

ராயப்பனின் கோட்டை மறுபடியும் விழுந்தது. அவர் கருவியைச் சோபாவில் வீசினார்.

"உன் மிசினு கள்ள மிசினு, மாப்பிள்ள."

ரியான் கருவியை எடுத்துத் துடைத்தான். கணினியில் ஆடும் பெரிய யுத்த ஆட்டம் ஒன்றை, கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவிக்குள் அடக்குவதுதான் சிரம்பான் கம்பெனியில் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. வயல், களஞ்சியம், வரி, படை, மந்திரி, ஒற்றன், பக்கத்து நாட்டு ராஜா என்று கணினித் திரை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் ஆட்டம் அது. அத்தனையும் உள்ளங்கை அகலத்துக்குள் வரவேண்டும்.

முதலாளி ரவிச்சந்திரன் கறாராகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவரே வருவார். கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஆள் அவர் கண்முன்னால் ஒரு யுத்தம் ஜெயிக்கவேண்டும். ஜெயிக்காவிட்டால் ஆட்டம் போட்டிக் கம்பெனியான பினாங்குக்காரனுக்குப் போகும். ரியான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

கேம் தெரியாத ஆளுக்கு ரியான் அலையவில்லை. அவனும் மனைவி ஃபெலிசியாவும் ரந்தாவில் மாமனார் வீட்டில்தான் இருந்தார்கள். மாமனார் ராயப்பன், எஸ்டேட்டில் ஆள்களை விரட்டி வேலை வாங்கிய மண்டோர். வேலையிலிருந்து ஓய்ந்தும் விரட்டுவதிலிருந்து ஓயாதவர். பேங்கை நம்பமாட்டார். டாக்டரை நம்பமாட்டார். டிவியில் மழை வரும் என்றால் துணி காயப்போடச் சொல்வார். தன்னால் ஒரு நாட்டை ஆளமுடியும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்ததேயில்லை.

"ஐநூறு பேர மேய்ச்சவன் நானு. பொம்மைங்கள மேய்க்க முடியாதா?"

முதலில் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். ரியான் எழுத்தைப் பெரிதாக்கினான். எழுத்து வந்தது, நாடு மறைந்தது. களஞ்சியம் எங்கே என்று தேடுவதற்குள் எதிரி ராஜா அதைக் கொளுத்திவிட்டான்.

இடம் உண்டாக்குவதற்காகத் திரையோரத்தில் இருந்த குறிகளையெல்லாம் ரியான் துடைத்தெடுத்தான். மழைக்குறி, கொடிக்குறி, எதிரே ஆடுவது கணினியா, இன்னொரு கருவியில் இருக்கும் ஆளா என்று காட்டும் குறி, எல்லாம் போயின. இப்போது நாடு பளிச்சென்று தெரிந்தது. எதிரி வருவதும் பளிச்சென்று தெரிந்தது. வந்தான், பிடித்தான்.

அடுத்தது, பொத்தான்கள் அதிகம் என்று புகார். ஒரே பொத்தானை அழுத்தினால் வரியையும் களஞ்சியத்தையும் மந்திரிகளே பார்த்துக்கொள்ளும்படி ரியான் மாற்றினான். ராயப்பன் மந்திரிகளின் முகங்களை ஒருதரம் பார்த்தார். "ஒருத்தன் மூஞ்சியும் சரியில்ல" என்று எல்லாரையும் வேலையைவிட்டு நிறுத்தினார். களஞ்சியச் சாவி அவரிடமே இருந்தது. படை பட்டினி கிடந்தது.

மந்திரிகளை நிறுத்தமுடியாதபடி ரியான் பூட்டிவைத்தான். ராயப்பன் ஒவ்வொரு மந்திரிக்குப் பின்னாலும் ஓர் ஒற்றனை வைத்தார். பிறகு ஒற்றனுக்குப் பின்னால் இன்னோர் ஒற்றன். கடைசியில் நாட்டில் உழுவதற்கு ஆள் இல்லை.

மாமியார் எல்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, விளையாட்டுக்குப் போய் இப்படி ரத்தம் கொதிக்கவேண்டுமா என்று கேட்டுப் போனார். ராயப்பன் காதில் வாங்கவில்லை.

இதையெல்லாம் ரியான் தாங்கிக்கொள்வான். அவனைத் தூங்கவிடாமல் செய்தது எதிரி ராஜா. சின்னக் கருவி திணறக்கூடாதென்று எதிரியின் மூளையை அவன் முன்பே சுருக்கியிருந்தான். கணினியிலேயே எதிரி கோட்டைச் சுவரில் வந்து முட்டுகிற மடையன்தான். இந்த எதிரியோ முதலில் உப்பை நிறுத்தினான். அப்புறம் அரிசியை நிறுத்தினான். பசித்த குடிகளைக் கூப்பிட்டுத் தன் நாட்டில் வீடு கொடுத்தான். இந்தப் புத்தி எதையும் ரியான் எழுதவில்லை.

எதிரியின் மூளையைப் பாதியாகக் குறைத்தான். எப்போதும்போல வீட்டிலிருந்த இரண்டு கருவியிலும் புது ஆட்டத்தை ஏற்றி, ஒன்றை மாமனாரிடம் கொடுத்துவிட்டு மற்றதைச் சமையலறையில் சார்ஜில் போட்டான். ராயப்பன் தோற்றார். மூளையை மொத்தமாகப் பிடுங்கினான். மூளையே இல்லாத எதிரி மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று ஊரைப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எதிரி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ரியான் காரணம் தேடித் தேடிக் கண் வீங்கினான்.

"அவனும் பூசைக்குப் போறவனா இருக்கும்" என்றார் ராயப்பன்.

அவருடைய சந்தேகமே வேறு. கருவி தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்றார். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்துவிட்ட வாய் அது. கத்தாமல் அவருக்குப் பொத்தானை அழுத்த வராது. "கெழக்குப் பாலத்துக்கு நூறு பேரு போ" என்று தகரக் கூரை அதிரக் கத்திவிட்டுத்தான் அழுத்துவார். கிழக்குப் பாலத்தில் எதிரி ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான்.

"அதுக்குக் காது கெடையாது மாமா."

"அப்ப எப்பிடிடா தெரியுது அவனுக்கு?"

ராயப்பன் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை வெட்டிக் கருவியின் ஓட்டைகளையெல்லாம் ஒட்டினார். கருவி சூடேறி அணைந்துபோனது. ரியான் பிளாஸ்டரைப் பிய்த்தெடுத்தான். எதிரிக்குப் புரியக்கூடாதென்று ராயப்பன் மலாயில் கத்தத் தொடங்கினார். எதிரிக்கு மலாயும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ரவிச்சந்திரன் வந்து உட்கார்ந்தார். ராயப்பன் தேய்த்த சட்டை போட்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளைபோல் கருவியைக் கையில் எடுத்தார். முதலாளியிடம் கவலைப்படவேண்டாம் என்று அவரே தைரியம் சொன்னார். ரியான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் உப்பு நின்றது. பிறகு அரிசி நின்றது. ராயப்பன் தெற்குக்கு ஆள் அனுப்பக் கத்தினார். எதிரி தெற்கில் நின்றான். மேற்குக்கு அனுப்பக் கத்தினார். மேற்கிலும் நின்றான். ரியான் மனசுக்குள் வேலையை ராஜினாமா செய்துவிட்டான்.

ரவிச்சந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரியான், இந்த எதிரிய எழுதுனது யாரு?"

ரியான் அவரைத் திரும்பிப் பார்த்தான். முதலாளியின் முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மாங்காயைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு எதிரியைக் கண்டதில்லை என்றார். பெரியவர் ஜெயிக்கவேண்டாம், தோற்றுக்கொண்டே இருக்கட்டும் என்றார். இந்த மூளை ஒன்று போதும், கம்பெனியின் எல்லா ஆட்டத்திலும் இதையே வைத்துவிடலாம், பினாங்குக்காரன் வாயைப் பிளக்கட்டும் என்றார்.

ரியானின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நான்தான் சார்."

"எப்படிச் செஞ்சே?"

"அது ஆடுறவங்க கொணத்தப் படிக்கும் சார். கோவம் வந்தா என்ன செய்வாங்க, எங்க அசந்துபோவாங்க, எல்லாத்தையும் கூடவே இருந்து கத்துக்கும். ரொம்ப நாளு பாடுபட்டேன்."

"அதான பார்த்தேன்" என்றார் ராயப்பன், தோற்றதற்கு நியாயம் கிடைத்த நிம்மதியில். பின்பு கடைசிக் கட்டளையைக் கத்தினார். "வடக்கு வாசல்ல உள்ள அத்தன பேரும் ஆத்தங்கரைக்குப் போ."

ரவிச்சந்திரன் எழுந்து ரியானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாளைக்கே சம்பளத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

அந்த நேரத்தில் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு எல்சி வந்தார். தோளில் கைத்துண்டு. ஒரு கையில் கரண்டி, மறு கையில் சார்ஜில் கிடந்த கருவி.

"மாப்பிள்ள, உங்க மாமா வடக்கு வாசல்ல ஆளே இல்லாம பண்ணிட்டாரு. கோட்டைய இப்பவே புடிச்சிறவா, இல்ல சாரு சாப்பிட்டப்புறம் புடிச்சுக்கவா?"