என் மகள் கையால் ஒரு பல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் வாயைத் தவிர. அங்கே அனைவரும் வாயோடு சேர்த்துச் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மருமகள் டாக்டராகி முதன்முதலில் பிடுங்கிய பல் என்னுடையது என்று மார்தட்டிச் சொல்லத்தான் இக்கடிதம். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் கட்டாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காதே, பிள்ளைக்குக் கெட்ட பெயராகிவிடுமே என்று டாக்டருக்கே டாக்டராகி, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போய், நாற்காலியில் சாய்ந்தபடி அதைப் பெருமையாகவும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டாள். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? பல்லுல ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அழுத்தி நிறுத்திடலாம். மூளைக்குப் போற குழாய்ல கட்டிக்கிட்டா எதைப்பா அழுத்துறது? எழுந்திரிங்க" என்றாள். பெற்ற அப்பனையே துரத்துகிறாள் என்றால் எப்பேர்ப்பட்ட டாக்டர் பாருங்கள். அங்கேயே இதய டாக்டருக்குப் போன் போட்டாள். மறுபடி மாத்திரை, மறுவாரம் ரத்தப் பரிசோதனை, அளவு சரி என்ற பிறகுதான் ஊசி. விளக்கு கூசியதால், பயத்தால் அல்ல, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என்ன கை மச்சான், பூப்பறித்த மாதிரி. இரண்டு தையல், கடித்துக்கொள்ளப் பஞ்சு, அரைமணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வெளியே காத்திருந்தவர்களிடம் இவள் என் மகள் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? உள்ளறையைக் காட்டி, என் மார்பைத் தட்டித் தட்டிச் சைகை செய்தேன். வாயில் சிவந்த பஞ்சு, கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "ஐயாவுக்கு நெஞ்சு வலி போல இருக்கே" என்று ஒருவர் எழுந்தார். இன்னும் இரண்டு பேர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நீங்களும் அதே மாத்திரைதானே? ஆடுகிற அந்தக் கடைவாய்ப் பல்லோடு தைரியமாக வாருங்கள், மாத்திரையை நிறுத்தாமல் வாருங்கள். உங்கள் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகளுக்கு, மீதமுள்ள என் பற்கள் சாட்சியாக, ஆசிகள்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மகள் வாங்கிப் படித்தாள். "அப்பா, உங்க பல்லை நான் எடுக்கல. ஊசியை எடுக்கும்போதே எனக்குக் கை நடுங்கிடுச்சு, சீனியர்தான் எடுத்தாரு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையைப் போட்டு நசுக்குனீங்களே, அதுதான் என்னோடது" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கையைப் பற்றிச் சொன்னது மட்டும் இருக்கட்டும் மச்சான். அந்த நசுக்கு நசுக்கியும் அவள் அதை உருவிக்கொள்ளவே இல்லை.