அக்கா கல்யாணத்துக் கம்ப்யூட்டர்

நிறத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் உலகத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ‘எனக்கு கலர் சென்ஸ் ஜாஸ்தி’ என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டு திரிகிறவன் இருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2010 வாக்கில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்படி ஒருவன் இருந்தான். சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்தான். கிடைத்த நேரமெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் விதவிதமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அந்த மேதை நான்தான்.

அந்த வருடம் என் அக்கா கயல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை செந்தில், காட்டுமன்னார்கோயில் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். அக்கா சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, கடலூரில் ஒரு இன்ஜினீயரிடம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வரைவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம். மாப்பிள்ளையின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. எப்போது கேட்டாலும், “பாக்கலாம்மா, பாக்கலாம்” என்று சிரிப்பார். அவர் ஒரு கட்சியில் ஒன்றியச் செயலாளர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பதவியே பெயராகிவிடும். அதனால் ஊருக்கெல்லாம் அவர் ‘ஒன்றியம்’. (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் கடை வைத்துப் பிழைக்கிறவன்.)

அக்கா அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். “எனக்கு பீரோ வேணாம், கட்டில் வேணாம். பிளான் போடுற மாதிரி நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக் குடுங்க. சீரோட சீரா வந்து எறங்கிட்டா, அவுங்களால வேணாம்னு சொல்ல முடியாது.”

அப்பா என் பக்கம் திரும்பி, “நீதான் இதுல புலியாச்சே, நீயே பாத்து வாங்கிடு குமாரு” என்றார்.

நான் புலி என்பதை அப்பாவே ஒப்புக்கொண்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் பழுப்பேறிய வெள்ளை டப்பா. தூரத்திலிருந்து பார்த்தால் ரேஷன் கடை எண்ணெய் டின் மாதிரி இருக்கும். அந்த மண்ணில் நான் ஒரு கலைப் புரட்சி செய்யப்போகிறேன் என்று முடிவெடுத்தேன். கறுப்பு கேபினெட். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பலகை. உள்ளே சிவப்பு விளக்கோடு சுற்றும் மின்விசிறிகள், சிவப்பு கேபிள்கள். மதர்போர்டுகூட கறுப்பு, அதில் சிவப்பு ஸ்லாட்டுகள்.

சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் இருப்பதிலேயே வேகமான ராம் மெமரி ஒன்றை எடுத்து வைத்தார். அது நீலமாக இருந்தது. வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிவப்புத் தகடு போட்ட சுமாரான ராமை எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்து அக்கா கத்தினாள். “டேய், எனக்கு வேகமா ஓடணும்டா. ஜொலிக்க வேணாம்!”

“உனக்கு டிசைன் புரியாதுக்கா” என்றேன், பிளான் வரைந்து சம்பாதிக்கிறவளிடம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் சீர்வரிசை. குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பழத்தட்டுகள், நடுவில் மேஜை போட்டு என் படைப்பு. நல்ல கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றியம் கரை வேட்டியில் பத்துப் பதினைந்து பேர் சூழ உள்ளே வந்தார். இதுதான் தருணம் என்று சுவிட்சைத் தட்டினேன்.

கறுப்புப் பெட்டிக்குள் சிவப்பு வெளிச்சம் பொங்கியது. மின்விசிறிகள் சுழன்றன. நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

கரை வேட்டிகள் எல்லாம் பெட்டியைப் பார்த்தன. பிறகு ஒன்றியத்தைப் பார்த்தன. ஒருவர் மெதுவாக, “என்னாண்ணே, அந்தப் பக்கம் போய்ட்டீங்களா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுப்பும் சிவப்பும். தமிழ்நாட்டில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அது யாருடைய கொடி என்று தெரியும். ஒன்றியம் வாழ்நாள் முழுக்க எதிர்த்து மேடை போட்ட கொடி. ஒரு மாதமாக அந்த இரண்டு நிறத்தையும் உற்று உற்றுப் பார்த்துப் பொறுக்கிய கலைமேதைக்கு மட்டும் அது தோன்றவில்லை.

“யாருய்யா இந்த வேலயப் பாத்தது?” என்றார் ஒன்றியம். முகமும் சிவந்திருந்தது. (அதுவும் என் திட்டத்தோடு பொருந்தித்தான் இருந்தது.) “இன்னும் கொஞ்ச நேரத்துல மாவட்டம் வர்றாரு. இதப் பாத்தா என்னா நெனப்பாரு? எடுத்து வேன்ல ஏத்துங்க. கடலூருக்கே போவட்டும்.”

மாவட்டம் என்றால் அவர்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவர் வந்து வாழ்த்திப் பேசுவதாக ஏற்பாடு. அப்பா கையைப் பிசைந்தார். செந்தில் மாமாதான் நடுவில் புகுந்தார். “அப்பா, கலருதானே பிரச்சன? மச்சான் மாத்திடுவான். இல்ல மச்சான்?”

“அஞ்சே நிமிஷம் மாமா” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மேடை விளக்குக்காரரிடம் பச்சை நிற ஜெலட்டின் தாள் இருந்தது. அதை வெட்டி விசிறிகளின் முன்னால் ஒட்டினேன். சிவப்பு விளக்குக்கு முன்னால் பச்சைத் தாள் வைத்தால் பச்சை வெளிச்சம் வரும் என்பது என் கணிப்பு. வெளிச்சமே வரவில்லை. சிவப்பு ஒளியைப் பச்சைத் தாள் விழுங்கிவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதற்கு நான் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். இப்போது பெட்டி முழுக்க இருண்டு, உள்ளே சிவப்பு கேபிள்கள் மட்டும் நரம்பு மாதிரி தெரிந்தன.

ஒன்றியம் எட்டிப் பார்த்தார். “இப்ப எழவு வீடு மாதிரி கெடக்கு.”

தாள் காற்றை மறித்ததால் பெட்டி சூடேறி, கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தும் போனது. வேனுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறைக்கு ஓடினேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தது. நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

“இந்தப் பொட்டி இன்னிக்கு மண்டபத்த விட்டு வெளிய போனா, அப்புறம் காட்டுமன்னார்கோயில் வராதுடா. நானும் வரைய முடியாது” என்றாள். பிறகு குனிந்து உள்ளே பார்த்தாள். “விசிறியில இருக்குற லைட்டுக்குத் தனியா ஒயர் போவுதா?”

“போவுது.”

“அத வெட்டுனா விசிறி ஓடுமா?”

“ஓடும்.”

“அப்ப வெட்டு. என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?”

மேக்கப் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் விளக்கு ஒயர்களை எல்லாம் வெட்டினேன். ஒரு மாதக் கலை, ஒரு நிமிடத்தில் முடிந்தது. சிவப்பு கேபிள்களையும் ராமையும் என்ன செய்வது? அக்கா தன் தலைக்கு வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் பாதியை அறுத்துக் கொடுத்தாள். அதைக் கேபிள்கள்மேல் நெருக்கமாகச் சுற்றினேன். ராமின் தலையிலும் ஒரு துண்டுச் சரம். இழவு வீட்டுக் களை போக வேண்டுமே என்று, வாசல் தோரணத்திலிருந்து மஞ்சள் சீரியல் பல்புச் சரம் ஒன்றைக் கழற்றி உள்ளே விட்டேன். (இன்றைக்கு என் கடையில் யாராவது கேபினெட்டுக்குள் பூவும் பல்பும் வைத்தால், அன்றோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.)

அக்கா மறு கண்ணுக்கும் மை தீட்டிக்கொண்டு மேடை ஏறினாள். நான் பெட்டியை மேஜையில் வைத்து சுவிட்ச் போட்டதும் வாசலில் வெடிச் சத்தம். மாவட்டம் வந்துவிட்டார்.

பெரிய ஆகிருதி, சந்தனப் பொட்டு. மணமக்களை வாழ்த்திவிட்டுக் கீழே இறங்கியவர் நேராக சீர்வரிசைப் பக்கம் வந்தார். மஞ்சள் வெளிச்சத்தில் மல்லிகை மினுமினுக்க, கேபினெட் ஒரு சின்னத் தேர் மாதிரி இருந்தது. அவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். பல்புச் சூட்டில் பூ மலர்ந்து, உள்ளே இருந்த விசிறிகள் எல்லாம் சேர்ந்து வாசனையை அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

“என்னாய்யா இது, கம்ப்யூட்டர்லேர்ந்து மல்லிப்பூ வாசன வருது?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். பின்னாலிருந்து குரல் வந்தது. ஒன்றியத்தின் குரல்.

“புது மாடல்ண்ணே!” என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “எங்க மருமவளோடது. கட்டட பிளான் எல்லாம் இதுலதான் போடும். ரொம்ப கெட்டிக்காரப் பொண்ணு.”

மேடையில் அக்கா தலை குனிந்திருந்தாள், ஆனால் தோள்கள் குலுங்கின.

“அப்டியா! நம்ம கட்சி ஆபீஸ் கட்டணும்னு எவ்ளோ நாளா சொல்லிக்கிட்டிருக்கோம். உம் மருமவளையே பிளான் போடச் சொல்லுய்யா” என்றார் மாவட்டம். அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு ஒன்றியத்துக்கு ‘பாக்கலாம்மா’ சொல்ல வழியே இல்லை. “போட்டுடும்ண்ணே, போட்டுடும்” என்றார்.

மாவட்டம் நகர்ந்த வேகத்தில் நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். ராம்மேல் இருந்த பூ வதங்கிப் பொரியல் ஆகியிருந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி அக்காவோடு காட்டுமன்னார்கோயில் போய் இறங்கியது. கட்சி ஆபீஸ்தான் அவள் அந்த ஊரில் போட்ட முதல் பிளான். அப்புறம் மில்லுக்குப் புது கொட்டகை, கிள்ளையில் ஒரு பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர் என்று வளர்ந்து, இன்றைக்கு ஏழெட்டுப் பேர் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். அவளைக் கேட்டு வருகிறவர்களை ஒன்றியமே முன்னால் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்.

எனக்கும் லாபம்தான். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேர், “தம்பி, அதே மாதிரி ஒண்ணு, பூ இல்லாம” என்று சொல்லிவைத்தார்கள். படிப்பு முடித்துச் சிதம்பரத்தில் கடை போட்டேன். யார் வந்தாலும் முதலில் வேகம் பற்றிப் பேசுவேன், நிறத்தை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்வேன்.

எல்லாம் சரி, செந்தில் மாமாவை மட்டும் திருத்த முடியவில்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் பிரிட்ஜ் வாங்கினாலும், கடையிலேயே குனிந்து அதை ஒருதரம் மோந்து பார்ப்பார். விற்கிறவர் திகைத்துப்போய் நிற்பார். மாமா நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கி, என் பக்கம் திரும்பிச் சொல்வார்:

“வாசன வரலியே மச்சான். பழைய மாடலத் தள்ளி வுடுறாங்க.”