குண்டூசி சாரும் செவ்வந்தித் துருவும்

தனக்குப் புரியாத விஷயத்தைக் குண்டூசி சார் அளவுக்குத் துல்லியமாக வரைந்து வைத்த மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

பூப்பயிர் நோய்களைக் கணக்கெடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய் விவரம் கொண்டுவருவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். போன் வரைபடத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் படத்தைச் சுவரில் ஒட்டி, நோய் கண்ட இடத்தில் எல்லாம் சிவப்புக் குண்டூசி குத்திப் பக்கத்தில் தேதி எழுதுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வருஷம் செவ்வந்தியில் துரு நோய். இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும். ஆயுத பூஜைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்தப் பூவை நம்பித்தான் விவசாயிகள் வருஷத்தையே ஓட்டுகிறார்கள்.

நோய் காற்றில் பரவும் என்றது புத்தகம். ஆனால் மார்க்கையன்கோட்டையில் கிளம்பிய நோய், காற்றை எதிர்த்துக் காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தது. வாய்க்காலா என்று பார்த்தால் தண்ணீரும் எதிர்த்திசையில் ஓடியது. சார் குழம்பிப்போனார். டவுன் பஸ்ஸில் ஏறிப் பயணிகளின் செருப்புகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார்.

உத்தமபாளையம் பக்கம் செவ்வந்தி போட்டிருந்த ஜமீலா அக்கா, தன் தோட்டத்திலும் துரு வந்துவிட்டது என்று மருந்து கேட்டு வந்தார். ஊசிகளை வரிசையாகப் பார்த்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீக சார். நீங்க எங்கன எங்கன போனீகளோ, அந்த வரிசைதேன் இது. எங்க தோட்டத்துக்கு வந்தப்பக்கூடச் சட்டையெல்லாம் பொடியா இருந்துச்சு."

சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இலையைத் தொட்ட விரலை அவர் துடைப்பது அதில்தான். டைரியை எடுத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டார். அவர் போய்வந்த பத்துப் பன்னிரண்டு நாளில் ஒவ்வொரு தோட்டத்திலும் நோய் விழுந்திருந்தது. 

பிறகு, "பரப்புனது எதுங்கிற கட்டத்துல என் பேரைப் போடுங்க" என்றார். கம்ப்யூட்டரில் காற்று, நீர், பூச்சி என மூன்றுதான் இருந்தன. எனக்கும் குழப்பம். யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "பூச்சின்னே போடுங்க."

மறுநாளிலிருந்து பையில் நான்கைந்து சட்டைகளோடு கிளம்பினார். தோட்டத்துக்கு ஒரு சட்டை. தன்னால்தான் வந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, நோய் இலைகளை அவரே கிள்ளி எரித்தார். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர், எதற்கு மன்னிப்பு கேட்கிறார் என்றே புரியாமல் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஜமீலா அக்காவின் தோட்டத்தில் பாதிப் பூ தப்பிப் பூஜைச் சந்தைக்குப் போனது.

அடுத்த வருஷம் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது ஆள் கணக்கெடுக்க வருகிறார் என்று ஜமீலா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவுக வரமாட்டாகளா?" என்று கேட்டவர் போனை வைக்கவில்லை.

நானும் வைக்கவில்லை.