பாதியாக்கப்பட்ட பவர் சப்ளை

மனிதகுலம் இதுவரை கண்டவற்றுள் மகத்தானது எங்கள் விளையாட்டு வாரியத்தின் 'பாதி விதி'. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். யார் எதைக் கேட்டாலும் பாதிதான் கொடுப்போம். எப்படியும் இரட்டிப்பாகத்தான் கேட்பார்கள் என்பது எங்கள் அனுபவம். பத்து நாற்காலி வேண்டுமென்றால் இருபது என்று எழுதுவார்கள், நாங்கள் வெட்டுவோம், பத்துப் பேரும் வசதியாக உட்காருவார்கள். இதில் யார் மனமும் புண்பட்டதில்லை.

கணினி விளையாட்டும் விளையாட்டே என்று வாரியம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டபோது, முன்கூடத்தில் ஓர் அசுரக் கணினியை வைத்துத் திறப்புவிழா நடத்துவதென்று முடிவாயிற்று. விளையாட்டில் வரும் முதல் பூதத்தைத் தலைவரே சுட்டு வீழ்த்துவார். பாகங்களை வாங்கிக் கணினியைப் பொருத்தும் பொறுப்பு ஒரு பெண் பொறியாளருக்கு. ஒப்பந்த ஊழியர் என்பதால் அவரை நாங்கள் அன்போடு 'ஒப்பந்தம்' என்றே கூப்பிடுவோம். விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவர் தன் அம்மாவையும் அழைத்துவந்து குடிவைத்துவிட்டார்.

கொள்முதல் குழு கூடியது. குழுச் செயலாளன் என்ற முறையில் நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

"பவர் சப்ளை எண்ணூத்தம்பது வாட் வேணும் சார்," என்றார் ஒப்பந்தம்.

"அது வெளியில தெரியுமாம்மா?" என்று கேட்டார் பொருளாளர்.

"தெரியாது சார். பெட்டிக்குள்ள அடியில இருக்கும்."

"கலர் கலரா லைட் எரியுமா?"

"எரியாது. ஆனா எரியற எல்லாத்துக்கும் இதுதான் கரண்ட் கொடுக்கணும்."

குழு ஆழ்ந்து சிந்தித்தது. கண்ணுக்கே தெரியாத சாமானுக்கு இத்தனை வாட்டா? பொருளாளர் விதிப்படி பாதியாக்கினார். அந்த அளவில் கடையில் கிடைக்காது என்றதும் நானூற்றைம்பதாக உயர்த்தினார். வள்ளல்!

"சார், பூதம் வந்ததும் எல்லாம் ஒண்ணா கரண்ட் இழுக்கும். மெஷின் நின்னுடும். நான் கூட்டிக் கேக்கல சார், வேணுங்கறதத்தான் கேட்டேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் பொருளாளர் கனிவாக.

"அப்ப பூதத்தையும் பாதியாக்கிடுங்க."

இந்தத் துடுக்கைக் குழு அப்போதைக்கு மன்னித்தது.

விழாவன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குகள் வர்ண ஜாலம் காட்டின. தலைவர் திரையில் ஒரு காட்டுக்குள் நடந்தார், கைதட்டினோம். புல்லைப் பார்த்தார்; அதற்கும் கைதட்டினோம். குகையிலிருந்து பூதம் தலையை நீட்டியது. தலைவர் குறிபார்த்தார். திரை இருண்டது. மறுபடி போட்டார்கள். மறுபடி பூதம், மறுபடி இருட்டு.

"பூதம் ஜெயிச்சிடுச்சுடோய்!" என்று பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். தலைவர் மவுஸைப் பிடித்தபடியே நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் விசாரணை. பொருளாளரே விசாரித்தார்.

"பாதியா வெட்டுவோம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் இருக்கறத இருக்கறபடியே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் என்ன செய்ய முடியும்? அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினோம். தன் திருப்புளிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, "அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்வது செயலாளரின் கடமைகளில் வராது.

அடுத்து வந்த பொறியாளர் வேறொரு வாரியத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் எவ்வளவு கேட்டார் என்று மட்டும் என்னிடம் விசாரித்து, அதை இரட்டிப்பாக்கி, ஆயிரத்து எழுநூறு வாட் கேட்டார். நாங்கள் பாதியாக்கினோம். கணினி குதிரைபோல் ஓடியது. தலைவர் ஒரே வாரத்தில் பூத வம்சத்தையே அழித்தார்.

புதியவருக்கு உடனே பணி நிரந்தரம். ஆணையில் தலைவர் தம் கைப்படவே காரணம் எழுதினார்: "தேவைக்கு மேல் ஒரு வாட்கூடக் கேட்காத உத்தமர்."