மோர் சாதம் வராமல் எழுந்திருக்காதவர்

மோர்சாத மாமாவைப் போல உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத மனிதர் மாட்டுங்காவில் மட்டுமல்ல, பம்பாய் மாகாணத்திலேயே கிடையாது. கடைசியில் மோர் சாதம் விழாமல் இலையை விட்டு எழுவது மகா பாவம் என்பது அவர் கட்சி. ஒரு கல்யாணத்தில் மோர் தீர்ந்துபோய், அடுத்த பந்தியே உட்கார்ந்துவிட்டது. மாமா மட்டும் பழைய இலையோடு நடுவில் இருந்தார், சம்பந்தி மாதிரி.

யுத்த காலத்தில் ஒரு மழைநாள், அறைத்தோழனான என்னை லோணாவ்லா மலைக்கு இழுத்துப் போனார். எனக்கு ஹிந்தி தெரியும் என்று நானே கிளப்பிவிட்ட வதந்தியை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

மழை துரத்த, ஒரு விவசாயி வீட்டில் ஒதுங்கினோம். புருஷனும் மனைவியும் உள்ளே அழைத்துத் தட்டு வைத்தார்கள். பாக்ரி என்னும் கம்பு ரொட்டி, பச்சை மிளகாய்த் துவையல், வெங்காயம். நான் நாலு தின்றுவிட்டு எழுந்தேன். நாகரிகத்தால் அல்ல, துவையல் காது வழியாக வந்துகொண்டிருந்தது.

மாமா எழவில்லை. தட்டைக் காலி செய்தால் மோர் சாதம் வரும் என்று அவர் நினைப்பு. தட்டு காலியானால் விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை என்று அந்த அம்மாளின் நினைப்பு. இவர் தின்னத் தின்ன அவள் போட்டாள். எட்டு, ஒன்பது, பத்து!

"மாமா, போறும், எழுந்திருங்கோ!"

"சும்மா இருடா. சாப்பாட்டை முடிக்காம எழுந்தா அந்தப் பொம்மனாட்டி மனசு என்ன பாடுபடும்? மோர் வேணும்னு சொல்லேண்டா, உனக்குத்தான் ஹிந்தி தெரியுமே!"

எனக்குத் தெரிந்த ஹிந்தி பால்காரரிடம் பாக்கிக்குத் தவணை கேட்பதோடு சரி. அதைத் தைரியமாகச் சொன்னேன். அந்த அம்மாள் பயந்துபோய் இன்னொரு பாக்ரி வைத்தாள்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அடுப்படியில் ரொட்டிக் கூடை கவிழ்ந்து கிடந்தது. மாவுப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் மூத்த மகள். சின்னவள் விரலைச் சப்பியபடி மாமாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இன்னும் சாப்பிடவில்லை.

ஓடிவந்து சொன்னேன். "மாமா, நீங்க சாப்பிடறது அவா சாப்பாடு. உள்ளே ரொட்டியும் இல்லை, மாவும் இல்லை."

மாமாவின் வாய் அப்படியே நின்றது. மறுகணம் எழுந்தார். மோர் இல்லை, சாதம் இல்லை, எழுந்தேவிட்டார்! நேரே அடுப்படிக்குப் போய், மூலையில் இருந்த கம்பு மூட்டையையும் ஏந்திரக்கல்லையும் பார்த்தார். சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டுக் கல்லின் முன் சப்பணமிட்டார்.

"ஐயோ, விடுங்க" என்று அவர்கள் மராத்தியில் பதறினார்கள். "நீங்க சும்மா இருங்கோ" என்று இவர் தமிழில் அதட்டினார். இரண்டு மணி நேரம் அரைத்தார். பூணூல், புருவம், மீசை எல்லாம் மாவு. அந்தப் பெண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ரயிலுக்குக் கிளம்பினார்.

பதினோரு பாக்ரி கதையைச் சொல்லி மாட்டுங்கா முழுவதையும் சிரிக்க வைத்திருக்கிறேன். மாவரைத்ததை மட்டும் சொன்னதே இல்லை. பதினோராவது பாக்ரியோடு கதையை நிறுத்திவிடுவேன்.