விபூதித் தட்டுக்குப் போன பெட்ரோல் பொடி

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் குலாம் ரசூல் ஐயா அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் ஆராய்ச்சி மாணவி கவியாவின் தகப்பன் முருகையன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி வள்ளியும் உடம்பளவில் சுகம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாயிருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் வியாழக்கிழமை சென்னைப் பக்கம் ஒரு பெட்ரோல் ஆலையின் சோதனைக்கூடத்தில் கவியா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொடி இப்போது இல்லை. அதைப் பாழாக்கியவன் நான். "இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போவும்டி" என்று அவள் தன் தோழியிடம் போனில் அழுதது என் காதில் விழுந்தது. அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்திறங்கியபோது அவள் பையில், துணிகளுக்கு நடுவே, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. "இன்னாம்மா இது, கோலமாவா?" என்று கேட்டேன். "ஜியோலைட்டுப்பா, ஒரு வகைக் கல்லு. உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத அறைங்க. கச்சா எண்ணெயில நீளநீளமா இருக்கிற மூலக்கூறு இதுக்குள்ள போனா உடைஞ்சு சின்னதா வெளிய வந்துடும். நான் அதுல துத்தநாகம் ஏத்தியிருக்கேன். புகை கம்மியா நல்ல பெட்ரோல் வரணும். தொறந்துடாதீங்க, காத்து பட்டா ஈரத்த இழுத்துக்கும்" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பௌர்ணமிக்கு எங்க ஊர் லாட்ஜில் கூட்டுக் குடும்பமாக நுழைகிறவர்கள் காலையில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் தனித்தனியாக வெளியே வருகிறார்களே, அந்த மாதிரி. சொன்னேன். "கிட்டத்தட்ட அதேதாம்ப்பா" என்றாள். வட்ட வழங்கல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா ஐயா?

அந்தப் பெருமைதான் வினை. எங்கள் வீட்டில் முக்கியமான எதுவும் சாமி அலமாரிக்குப் போகாமல் வெளியே போகாது. கவியாவின் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் போயிற்று, என் பென்ஷன் உத்தரவு போயிற்று, வள்ளியின் ஸ்கேன் ரிப்போர்ட் போயிற்று, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தன. திறக்காதே என்றுதானே சொன்னாள், சாமிகிட்ட வைக்காதே என்று சொல்லவில்லையே என்று, அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் வைத்து, மூடிமேல் ஒரு குங்குமப் பொட்டும் இட்டேன். அங்கே ஏற்கெனவே இன்னொரு வெள்ளை டப்பா இருந்தது. அது வள்ளியின் விபூதி. எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருப்பதால் பௌர்ணமிதோறும் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானையும் ஒரு விபூதித் தட்டும் வைப்போம். நடந்து வருகிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, ஈர விரலால் விபூதியைத் தொட்டுப் பட்டையாகப் பூசிக்கொண்டு போவார்கள். வள்ளி எந்த டப்பாவைத் தட்டில் கொட்டியிருப்பாள் என்று தாங்களே யூகித்திருப்பீர்கள். பொட்டு வைத்த டப்பாவைத்தான்.

சாயங்காலம் முதலில் பூசிய அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, சூடாவுதே சாமி!" என்றார். அடுத்தவருக்கும் சூடாயிற்று. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் சும்மா இருக்கிற ஆளா? "நெருப்பா நிக்கிறவரு ஊருங்க இது! விபூதியிலயே வந்துட்டாருங்க!" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான், பாதையெல்லாம் எங்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் படியிலேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் வரிசையைச் சரிசெய்ய வந்து, அவரும் பூசிக்கொண்டார். தட்டை யார் ஏந்திக்கொண்டு நின்றது தெரியுமா? நான்தான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ நானே மலையிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி, கேட்டவர்களுக்கெல்லாம் பொட்டலம் வேறு மடித்துக் கொடுத்தேன். என் பொண்ணு ராவும் பகலுமாகப் பாடுபட்டுச் செய்ததை நானே என் கையால் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தேன் ஐயா.

கவியா திரும்பி வந்தாள். தட்டைப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து ஈரக் கையில் தேய்த்துப் பார்த்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆவாதுப்பா, ஈரத்த இழுக்கும்போது சூடாவும், அவ்ளோதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசி மனசு ஆறியிருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் பரம்பரையில் யாரும் மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றியதில்லை, நான் சுற்றினேன். எங்கள் வாசலில் பூசிக்கொண்டு வந்து வழியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "கொஞ்சம் நெத்தியைத் தட்டுங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினேன். சிலர் தட்டினார்கள். ஒருவர் நான் பிச்சை கேட்கிறேன் என்று வாழைப்பழம் கொடுத்தார். சேர்ந்ததைப் பொட்டலமாக்கி இத்துடன் இணைத்துள்ளேன். அதில் குங்குமம், சந்தனம், வியர்வை கலந்திருக்கும். தங்களிடம் நல்ல சல்லடை இருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகளுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தாருங்கள். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வள்ளியின் வணக்கமும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
முருகையன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். நான் உறையோடு பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டுக் கவியா முதலில் சிரித்தாள், அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அந்தப் பொடி தேறலப்பா. கொஞ்ச நேரம் நல்லா உடைக்குது, அப்புறம் கரி படிஞ்சு அறையெல்லாம் அடைச்சுக்குது. எத்தனை வாட்டி மாத்திப் பார்த்தும் அதேதான். சார்கிட்ட சொல்ல தைரியம் வரல. தட்டுல பார்த்தப்போ அப்பாடான்னு இருந்துச்சு, அப்படி இருந்துச்சேன்னுதான் அழுதேன்" என்றாள். தோழியிடம் சொன்ன ஒரு வருஷமும் அதற்காகத்தானாம். பொடியைத் தொலைத்தது நானென்றே இருக்கட்டும், சாரிடம் அப்படியே சொல்லிவிடு என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். வியாழக்கிழமை சென்னைக்குப் போகாமல் நேரே தங்களிடம் வந்து உண்மையைச் சொல்லப் போகிறாள். அதுவரை தங்களிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகையால் ஐயா, அவள் வந்து நிற்கும்போது முதலில் உட்காரச் சொல்லுங்கள், அவள் சொல்வதை இப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.