நீராவி அறையில் ஒரு ரீங்காரம்

"இன்னும் கேக்குது," என்றபடி நீராவிக் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார் தைஸ்தோ.

"என்ன அத்தான் கேக்குது?" காப்பிக் கோப்பையோடு நின்றாள் மைத்துனி ஔனே.

"ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். உங்கக்கா குரல் மேல ஏறும்போதெல்லாம் கூடவே வருது."

மனைவி இர்யா இறந்து ஏழு மாதம். அவள் பாடிய ஒரே ஒரு பதிவைச் சுத்தம் செய்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலய நினைவுக் கூட்டத்தில் ஒலிக்கவிட வேண்டும். குவோப்பியோ நகரின் அந்தச் சின்ன வீட்டில் அதற்குக் கிடைத்த இடம், அவளுக்குப் பின் யாரும் சூடேற்றாத குளியலறைதான்.

மரச்சுவர் எதிரொலிக்கிறது என்று, இர்யா நெய்த விரிப்புகளைச் சுவர் முழுக்க ஆணியடித்தார். ரீங்காரம் இன்னும் தெளிவாகக் கேட்டது. மூலைகளில் ஒலியை உறிஞ்சும் பஞ்சுப் பலகை அடைக்க இடம் போதவில்லை. ரம்பத்தை எடுத்தார்.

"அது அக்கா உக்கார்ற மேல்பலகை அத்தான்."

"தெரியும். அவ குரல் முக்கியமா, பலகை முக்கியமா?"

"இனி உள்ள எறும்பு தும்மினாக்கூடக் கேக்கும்."

எறும்பு தும்மவில்லை. ரீங்காரம் மட்டும் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மிச்சமிருந்தது அடுப்பும் அதன்மேல் அடுக்கிய கற்களும். முப்பத்தெட்டு வருடம் சனிக்கிழமைதோறும் இர்யா பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பிய கற்கள். வேர்த்து விறுவிறுத்து அவர் எழுந்தால், "இருங்க, இன்னும் ஒரு கரண்டி," என்று பிடித்து உட்கார வைப்பாள். அந்த அடுப்பையும் கற்களையும் கழற்றி, கேட்டு வந்த யாரோ ஒருவரின் வேனில் ஏற்றிவிட்டார்.

வேன் தெருமுனை தாண்டியதும் முதல் தடவையாக ஔனேயை உள்ளே கூப்பிட்டார்.

"இப்ப கேளு. சுத்தமா இருக்கும்."

பெயிண்ட் டப்பாமேல் அவள் உட்கார்ந்தாள். இர்யாவின் குரல் மெல்ல ஏறியது. கண்ணை மூடியிருந்த தைஸ்தோ சட்டென்று பாட்டை நிறுத்தினார்.

"கேட்டியா? சுவர்ல இல்ல, பலகையில இல்ல, கல்லுலயும் இல்ல. பின்ன எங்கேருந்துதான் வருது?"

ஔனே கோப்பையைத் தரையில் வைத்தாள். அடுப்பு இருந்த வெறும் மூலையைப் பார்த்தாள்.

"உங்க தொண்டையிலேருந்து அத்தான். இதைக் கேக்கத்தான் அக்கா இன்னும் ஒரு கரண்டி ஊத்துவா. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தெரிஞ்சா நிறுத்திடுவாரு'ன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தா."